அரண்மனை ரயிலில் முதல் பயணம்: நாகர்கோவிலிலிருந்து திட்டமிடுவது எப்படி?

சொகுசு ரயிலில் ராஜஸ்தான் கோட்டைகளையும் மைசூர் அரண்மனையையும் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. ஆனால் சிக்கல் முளைப்பது பெரும்பாலும் வேறு இடங்களில்: ஏறும் ஊருக்குப் போய்ச் சேருவதில், படிவத்தில் பெயர் எழுதுவதில், கேபின் கேட்பதில். இந்த ரயில்கள் எதுவும் நாகர்கோவிலிலிருந்து புறப்படுவதில்லை என்பதால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதல் சிக்கல் கொஞ்சம் பெரிது.

படி 1: எந்த ரயில்?

பேலஸ் ஆன் வீல்ஸ் 1982 ஜனவரி 26 அன்று ஓடத் தொடங்கியது. ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ரயில்வேயும் சேர்ந்து கொண்டுவந்த ரயில். 7 இரவு, 8 பகல். புதன் மாலை டெல்லி சப்தர்ஜங் ஸ்டேஷனில் ஏறினால் ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர் (ரந்தம்போர் புலிக் காடு இருக்கும் ஊர்), சித்தோர்கர், உதய்ப்பூர், ஜெய்சால்மர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா பார்த்துவிட்டு அடுத்த புதன் காலை டெல்லியில் இறங்கலாம். ஓடுவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே.

மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் 2010இல் வந்தது, நடத்துவது ஐஆர்சிடிசி. இங்கே சொல்லும் நாலு ரயில்களில் விலை கூடியது இதுதான். இதில் 3 இரவுக் குறும்பயணமும் உண்டு: டெல்லி, ஆக்ரா, ரந்தம்போர், ஜெய்ப்பூர். ஒரு வாரம் லீவு கிடைக்காதவர்களுக்குச் சரிவரும். டெக்கான் ஒடிசி மும்பையிலிருந்து கிளம்புவது.

கோல்டன் சாரியட் கிளம்புவது பெங்களூர் யஷ்வந்த்பூரிலிருந்து, அதாவது நமக்குக் கிட்டத்தில். இதில் இரண்டு முக்கியப் பாதைகள். ஒன்று பந்திப்பூர், மைசூர், ஹளேபீடு, ஹம்பி, பட்டடக்கல், கோவா என்று போகும். இன்னொன்று மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கேரளம் பக்கம் வரும். எங்கள் பரிந்துரை முதலாவது. தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறியே போய்விடலாம், அதற்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. விஜயநகரத் தலைநகரான ஹம்பியையும், சாளுக்கியர் முடிசூட்டிக்கொண்ட பட்டடக்கல்லையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பார்ப்பதுதான் தனியாகப் போனால் அலைச்சல்.

படி 2: விலைப்பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

புதியவர்கள் ஏமாறுவது இங்கே. விலை பெரும்பாலும் 'ஒரு ஆளுக்கு, இருவர் தங்கும் கேபினில்' என்ற கணக்கில் இருக்கும். அதிலும் சில பட்டியல்கள் ஓர் இரவுக்கு மட்டுமே விலை போடும். அப்படியென்றால் 7 இரவுப் பயணத்துக்குக் கணவன் மனைவி இருவரும் போக அந்தத் தொகையை 14ஆல் பெருக்க வேண்டும். அதன்மேல் வரி. தனியாக ஒருவர் போனால் பாதி வராது, அதைவிடக் கூடும்.

சாப்பாடு, ஊர் சுற்றிக்காட்டும் ஏசி பஸ், கைடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அடங்கிவிடும். துணி வெளுப்பது, மசாஜ், டிப்ஸ் ஆகியவை வெளியே. மதுவுக்கு ரயிலுக்கு ரயில் விதி மாறும். எது அடங்கும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது பின்னால் உதவாது.

பேலஸ் ஆன் வீல்ஸில் செப்டம்பரும் ஏப்ரலும் விலை குறைந்த மாதங்கள். காரணம் வெயில். நம்ம ஊர் வெயில் வேர்க்கும், ஜெய்சால்மர் வெயில் சுடும். வயதானவர்களை அழைத்துப் போனால் அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

படி 3: பதிவு

நாகர்கோவில் ஜங்ஷன் முன்பதிவுக் கவுண்டரில் இந்த டிக்கெட் கிடைக்காது. ஒவ்வொரு ரயிலுக்கும் தனி இணையதளம் உண்டு, அல்லது அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட். சாதாரண ரயில் சலுகைகளும் பாஸும் இங்கே செல்லாது.

படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். ஆதாரில் 'முருகன் செ' என்றிருக்க, ரயிலில் 'செல்லையா முருகன்' என்றும் விமான டிக்கெட்டில் வெறும் 'முருகன்' என்றும் கொடுத்தால் சரிபார்ப்பில் நிற்க வைப்பார்கள். எந்த அடையாள அட்டையைக் கையில் கொண்டு போகிறீர்களோ அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அசல் அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

கேபின் கேட்கும்போது இரண்டு விஷயம். அம்மாவோடோ நண்பரோடோ போனால் தனித்தனிக் கட்டில் உள்ள கேபின் வேண்டும் என்று பதியும்போதே சொல்லுங்கள், ஏறிய பிறகு மாற்ற இடம் இருக்காது. அடுத்தது, பெட்டியின் நடுப்பகுதியில் உள்ள கேபின். சக்கரங்கள் பெட்டியின் இரு முனைகளுக்கு அருகில் இருப்பதால் ஓர அறைகளில் குலுக்கலும் இரைச்சலும் அதிகம். ரயில் பெரும்பாலும் ஓடுவது ராத்திரியில்தான் என்பதால் இது தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: பகலில் நீங்கள் ஊருக்குள் இருப்பீர்கள்.

படி 4: ஏறும் ஊருக்குப் போவது

அதே நாளில் போய்ச் சேர்ந்து ஏறலாம் என்று திட்டமிடவே கூடாது. உங்கள் இணைப்பு ரயில் தாமதமானால் சொகுசு ரயில் காத்திருக்காது, பணமும் திரும்பாது.

டெல்லிக்குக் கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீன் வரை போகும். வெள்ளி மாலை ஏறினால் ஞாயிறு மாலை சேரும், புதன்கிழமைக்கு முன் போதிய அவகாசம். நிஜாமுதீனிலிருந்து சப்தர்ஜங் ஸ்டேஷனுக்கு டாக்சி பிடிக்கும்போது 'சப்தர்ஜங் ரயில்வே ஸ்டேஷன்' என்று முழுதாகச் சொல்லுங்கள், அதே பெயரில் ஆஸ்பத்திரியும் சமாதி மண்டபமும் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் விமானத்தில் போனாலும் ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்.

பெங்களூருக்கு மதுரை வழியாக நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், கேரளம் வழியாக ஐலண்ட் எக்ஸ்பிரஸ். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்குக் குழித்துறையில் ஏற ஐலண்ட் வசதி. பெங்களூரில் பெரிய ஸ்டேஷன்கள் பல, இறங்கும் இடமும் யஷ்வந்த்பூரும் ஒன்றல்ல. சாதாரண ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, சொகுசு ரயிலையோ பல மாதம் முன்பே பதிந்திருப்பீர்கள். போதிய ஆள் சேராமல் அந்தப் பயணமே ரத்தாவதும் உண்டு. அதனால் விமானம் எடுப்பதாக இருந்தால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

படி 5: முழங்காலைச் சோதியுங்கள்

தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நமக்கு வசதி. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் ஒருமுறை முழுதாகச் சுற்றுங்கள். செருப்பில்லாமல் நடப்பது, குறுகலான செங்குத்து மரப்படி, தலையைக் குனிந்து நுழையும் வாசல், கூட்டத்தோடு ஒரே வழியில் நகர்வது எல்லாம் அங்கே உண்டு. அதைத் தாங்கினால் உதய்ப்பூர் சிட்டி பேலஸைத் தாங்கலாம். மூச்சு வாங்கினால், 1459இல் ராவ் ஜோதா தொடங்கிய ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் லிப்ட் இருக்கிறது என்பதையும், ஜெய்சால்மர் கோட்டையில் கல் பாவிய ஏற்றத்தில் நடந்தே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஒரு நாள் பஸ்ஸிலேயே இருந்துவிடுவது தப்பில்லை.

படி 6: பெட்டி கட்டுதல்

கேபின் சிறிது. பெரிய கெட்டி சூட்கேஸ் வைத்தால் நடக்க இடமிராது, மடங்கும் துணிப்பை ஆளுக்கொன்று போதும், அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். குளிர்காலத்தில் ஜெய்சால்மர் இரவு 10 டிகிரிக்கும் கீழே போகும், அதிகாலை ரந்தம்போர் சபாரி திறந்த ஜீப்பில். நாகர்கோவில் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஸ்வெட்டர் பத்தாது. காதை மூடும் குல்லா, சாக்ஸ், கெட்டியான ஜாக்கெட் வேண்டும். ராத்திரி விருந்துக்குப் பட்டுச்சேலையும் வேட்டி சட்டையும் தாராளமாகப் போதும், கோட்டு சூட்டு தேடி அலைய வேண்டாம்.

சைவமா, அசைவமா, சர்க்கரை நோயாளியா என்பதைப் பதியும்போதே எழுதிக் கொடுங்கள். தினமும் மீன்குழம்பு கேட்கிற நாக்கு மூன்றாம் நாள் முரண்டு பிடிக்கும், ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் அதைச் சமாளிக்கும்.

படி 7: கிழமைகள்

தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. பேலஸ் ஆன் வீல்ஸ் ஆக்ராவைத் தொடுவது செவ்வாய் என்பதால் கவலையில்லை, மற்ற ரயில்களில் தேதியைச் சரிபாருங்கள். மைசூர் அரண்மனையின் விளக்கலங்காரம் ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் ஏற்றப்படுகிறது, உங்கள் ரயில் அன்று அங்கே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பரத்பூரில் வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

திரும்பும் விமானத்தை இறங்கும் நாளின் சாயங்காலத்துக்குப் போடுங்கள், சொகுசு ரயிலும் தாமதமாகும். திருவனந்தபுரத்தில் ராத்திரி இறங்கினால் நாகர்கோவில் பக்கம் வர அந்த நேரத்தில் ரயில் குறைவு. கிளம்பும் முன்பே தெரிந்த டாக்சிக்காரரிடம் விமான எண்ணைக் கொடுத்து வைத்துவிடுங்கள்.