ஜெபித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டீர்களா?

ஆராதனை முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில், சபைகளில் தாராளமாகக் கொடுக்கப்படும் வாக்கு ஒன்று உண்டு: "கவலைப்படாதீர்கள், உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்." பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்கு அது மறந்துவிடுகிறது. பேச்சை மரியாதையாக முடித்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். நான் வாழ்நாள் முழுவதும் கணக்கெழுதும் வேலை பார்த்தவள். யாருக்காவது ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டால் அது என் பெயரில் ஏறிய கடன் என்றே எனக்குப் படும். தீர்க்கதரிசி சாமுவேலுக்கும் அப்படித்தான் பட்டிருக்கவேண்டும். தன் பேச்சைக் கேளாமல் ராஜா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஜனங்களிடமே அவர், உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாமல் இருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாவேன் என்றார்.

சபையில் பெண்கள் ஜெபக்குழுவைப் பார்த்துக்கொள்கிற எனக்கு நடைமுறையில் கைகொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். விடியும் முன் எழுந்து மணிக்கணக்கில் முழங்காலில் நிற்பவர்களுக்கு இது தேவைப்படாது. வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில், முடிந்தவரை அந்த இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள். "இப்போதே ஒரு நிமிடம் ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்காமல் தலையில் கைவைத்துவிடாதீர்கள். சிலருக்கு அது பிடிக்காது, எல்லார் முன்னும் அழுதுவிடுவோமோ என்ற கூச்சமும் இருக்கும். சம்மதித்தால் மூன்று நான்கு வாக்கியங்கள் போதும்: அவருடைய பெயர், அவர் சொன்ன காரியம், நீங்கள் கேட்பது, ஆமென். நெகேமியாவைப் பாருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். பதில் சொல்வதற்கு முன் அவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. ராஜாவைக் காக்கவைத்துவிட்டு எத்தனை நீளமாக ஜெபித்திருக்க முடியும்?

இதில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஜெபம் என்ற பெயரில் பக்கத்தில் நிற்பவருக்குப் புத்தி சொல்வது. "ஆண்டவரே, இந்த மகளுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடும், நாவை அடக்கக் கிருபை தாரும்." கண் மூடியிருக்கும் அந்த மகளுக்கு இது யாரைப் பார்த்துப் பேசுகிற பேச்சு என்று நன்றாகத் தெரியும். சொல்லவேண்டியது இருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு நேராகச் சொல்லுங்கள்.

அடுத்தது, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்பது. நமக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். பர்திமேயு குருடன் என்பது எரிகோ வழியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனிடம் கேட்டார். எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் கணவருக்கு வேலை போயிற்று. ஆளாளுக்கு "நல்ல வேலை கிடைக்க" என்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். அவரிடமே கேட்டபோது அவர் சொன்னது வேறு: "அக்கா, வேலை வரும்போது வரட்டும். அவர் விளக்கைக்கூடப் போடாமல் அறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே போனால் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் சொல்லாமல் இருக்கவேண்டும், அதற்காக ஜெபியுங்கள்." கேட்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டின் நிஜமான தேவை எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கேட்டதை எழுதிவையுங்கள். ஞாபகசக்தியை நம்பாதீர்கள். ஆசாரியனாகிய ஆரோனே இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயர்களை இரண்டு கோமேதகக் கற்களில், ஒன்றுக்கு ஆறாக வெட்டித் தோளில் சுமந்தார். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்களில் மறுபடியும் அதே பெயர்கள். பன்னிரண்டு பெயர்கள் அவருக்கு மறந்துவிடுமா என்ன! இருந்தும் பொறிக்கச் சொல்லியிருக்கிறது. சின்ன நோட்டுப் புத்தகம் போதும், போனிலும் எழுதலாம். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "அ. — மகனுக்கு வியாழன் காலை இருதயப் பரிசோதனை. புதன் இரவு அவள் தூங்கவேண்டும். குழுவில் சொல்லவேண்டாம். வெள்ளி விசாரிக்க." பெயருக்கு முதல் எழுத்து மட்டும், ஏனென்றால் நோட்டு எங்காவது தவறிப்போகலாம். காரியம் ஒன்று, நாள் ஒன்று, யாரிடம் சொல்லலாம் என்பது ஒன்று, திரும்ப விசாரிக்கும் நாள் ஒன்று. "குடும்பத்தின் ஆசீர்வாதத்துக்காக" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்று பின்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாப் பெயர்களையும் தினமும் சொல்லப் பார்த்தால் இரண்டு வாரத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். வீட்டாரை தினமும், மற்றவர்களை நாளுக்கு நான்கைந்து பேராக என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் புதிதாகத் தேடவேண்டாம். ஏற்கெனவே செய்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். பாத்திரம் கழுவும்போது, பஸ்சில் போகும்போது, மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது. வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு வந்தால், கைகூப்பும் படத்தை அனுப்புவதற்கு முன் ஜெபித்துவிடுங்கள். வரிசை இதுதான்: ஜெபம் முதலில், படம் பிறகு. படம் போட்டவுடனே வேலை முடிந்தது என்று மனம் கணக்கை மூடிவிடும்.

என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாமல் வாயடைத்துப்போகும் நாட்கள் வரும். அப்போது அப்போஸ்தலனாகிய பவுலிடம் கடன் வாங்குங்கள். பிலிப்பியர் முதல் அதிகாரம் 9 முதல் 11 வரை, கொலோசெயர் முதல் அதிகாரம் 9 முதல் 11 வரை: "நீங்கள்" என்று வரும் இடத்தில் உங்கள் நோட்டில் உள்ள பெயரைப் போட்டு வாசியுங்கள். அந்த இரண்டு ஜெபங்களிலும் வியாதியும் இல்லை, பணமும் இல்லை. அன்பு அறிவோடு பெருகவேண்டும், சந்தோஷத்தோடு கூடிய பொறுமை வேண்டும் என்றே கேட்கிறார். அதற்காகச் சுகத்துக்கும் பிழைப்புக்கும் ஜெபிப்பது தாழ்ந்தது என்று ஆகிவிடாது. யோவான் தன் மூன்றாம் நிருபத்தில் காயுவின் சுகத்துக்காகவும் வேண்டுகிறார். நம் பட்டியலில் சுகம் மட்டுமே இருந்தால் இன்னொரு பாதி காணாமல்போயிருக்கிறது என்று அர்த்தம். வார்த்தையே வராவிட்டால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்வது இப்படிப்பட்ட நாளுக்குத்தான்.

இனி, வாயைக் காப்பது. சபைகளில் வம்புக்குப் போடப்படும் அழகான உறை, ஜெபக்குறிப்பு. "அவர்கள் வீட்டில் ஏதோ பிரச்சினையாம், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தால் மூன்றாவது ஆளிடம் போவதற்குள் விவாகரத்து முடிந்திருக்கும். மற்றவர்கள் ஜெபிக்க முழு விவரமும் தேவையில்லை, ஆண்டவருக்குத் தெரியும். ஆகவே ஒருவர் உங்களிடம் குறிப்பைத் தரும்போதே "இதை யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே விலக்கு, உயிருக்கு ஆபத்து. வீட்டில் அடி விழுகிறது என்றோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ ஒருவர் சொன்னால் ஜெபித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவரோடு இருந்து, உதவி செய்யத் தெரிந்தவர்களிடம், மருத்துவரிடம், தேவைப்பட்டால் காவல்துறையிடம் அன்றைக்கே கொண்டுசேருங்கள்.

ஜெபிக்கும்போதே கையும் காலும் கொஞ்சம் அசையவேண்டியிருக்கும். சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டுச் சரீரத்துக்கு வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்டது விசுவாசிகளைப் பார்த்துத்தான். "ஆண்டவரே, அவளுக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை அனுப்பும்" என்று ஜெபிக்கிறேன். அந்த வியாழக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. பதில் யார் என்று தெரிய தரிசனம் வேண்டியதில்லை. "எதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதையும் விட்டுவிடுங்கள். கஷ்டத்தில் இருப்பவர் உங்களுக்கு வேலை தேடிக் கொடுக்கமாட்டார். "வியாழன் எட்டு மணிக்கு வருகிறேன், சின்னவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அவருக்குச் சரி என்று சொல்வது சுலபம். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்தார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு என்று மாற்கு எழுதுகிறார். கண்ணுக்குத் தெரிந்த விசுவாசம் அது.

விசாரிக்கும் நாளில் விசாரியுங்கள். "என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டால் சோர்ந்திருப்பவருக்கு அது பரீட்சைக் கேள்விபோல் இருக்கும். "நேற்று உங்களை நினைத்து ஜெபித்தேன். பதில் எழுதவேண்டியதில்லை" என்பது போதும். நல்ல செய்தி வந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் தேதியைப் போட்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இயேசு சுகமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப் பேரில் நன்றி சொல்ல ஒருவன்தானே திரும்பி வந்தான்.

நல்ல செய்தி வராமலும் போகும். அப்போது விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "விசுவாசம் போதவில்லை", "ஏதோ மறைவான பாவம் இருக்கும்" என்ற இரண்டும் அறவே வேண்டாம். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், மாம்சத்தில் முள் என்று அவரே சொன்ன துன்பம் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. அந்தப் பதிலும் ஆண்டவர் பவுலுக்குச் சொன்னது. நாம் போய் அடுத்தவருடைய முள்ளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். காரணம் சொல்லவில்லை. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். ஜெபித்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனால் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் மனைவியின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ எழுதுங்கள். அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டம் கலைந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவர்களை யாரும் நினைப்பதில்லை.

எழுதக் கை வராத பெயர் ஒன்று எல்லார் நோட்டிலும் விடுபட்டிருக்கும். நம்மை ஏமாற்றியவர், அவமானப்படுத்தியவர். அவரை நேசித்துவிட்டு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது. மத்தேயு 5:44 இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. "அவரைத் திருத்தும்" என்று தொடங்காதீர்கள். அது புகார் மனு. உங்கள் பிள்ளைக்கு எதைக் கேட்பீர்களோ அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அவருக்குக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் பரவாயில்லை. அதோடு எழுந்துவிடுங்கள்.

பட்டியல் நீண்டுவிட்டால் மறுக்கவும் பழகுங்கள். "இப்போது உங்களோடு ஜெபிக்கிறேன், தினமும் ஜெபிப்பேன் என்று சொல்ல முடியவில்லை" என்று சொன்னதற்காக இதுவரை யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. நோட்டு முடிந்து புதியது வாங்கும்போது பெயர்களைக் கண்மூடித்தனமாகப் பெயர்த்து எழுதாமல், ஒவ்வொருவரிடமும் இப்போது என்ன தேவை என்று கேட்டு எழுதுங்கள். பழைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அது பிறருடைய இரகசியம்.

உங்கள் பெயரும் யாராவது ஒருவருடைய நோட்டில் இருக்கட்டும். சகோதரரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுத அப்போஸ்தலனாகிய பவுலே வெட்கப்படவில்லை. நம்பகமான ஒருவரைப் பிடித்து, பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்னாமல் காரியத்தையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை அண்ணனோடு சொத்து விஷயம் பேசப்போகிறேன். என் குரல் உயராமல் இருக்க ஜெபியுங்கள். புதன்கிழமை என்னிடம் கேளுங்கள்."