வீட்ல சால்டரிங் பண்றப்ப என்ன போட்டுக்கறது, கால்ல என்ன மாட்டறது

பழைய ரேடியோவோ ஆர்டுயினோங்கற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டோ, வீட்ல உக்காந்து சால்டரிங் பண்ற, அதாவது ஈயத்த உருக்கி ஒயர், பார்ட்ஸ ஒட்டற நிறைய பேரு பனியனும் பெர்முடாஸும்தான் போட்டிருப்பாங்க, கால்ல ஒண்ணும் இருக்காது. வெயிலுக்கு அதான் சுகம், இல்லேங்கல. ஆனா ஈயம் சொட்டுனா எங்க விழும்னு பாருங்க, தொடை, மடி, பாதம். அத மூடிட்டு மேல காத்தோட்டமா இருந்துக்கலாம்.

துணின்னா காட்டன், வேற பேச்சே வேணாம். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183லேருந்து 190 டிகிரி செல்சியஸுக்குள்ள உருகிடும், சால்டரிங் அயர்ன் முனையோ 350 கிட்ட வெச்சிருப்போம், பாலியஸ்டர் 250, 260லயே உருகிடும், உருகி தோல்ல ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்க முடியாது, அதனால ஜிம் டீஷர்ட், ட்ராக் பேண்ட், வழவழ நைட்டி எல்லாம் ஓரமா வெச்சிடுங்க. காட்டன் உருகாது, கருகும், உதறிட்டு எந்திரிக்க நேரம் கெடைக்கும். ஏசி ரூம்ல பாலியஸ்டர் போட்டா ஸ்டேட்டிக் கரண்ட் வேற வரும், போர்டுல இருக்கற ஐசி (சிப்) போயிடலாம்.

லுங்கி தாராளமா கட்டலாம், ஆனா தூக்கி மடிச்சு கட்டாதீங்க. தரையில சம்மணம் போட்டு உக்காந்தா சொட்டு கீழ வழுக்கி போகாம மடிப்புக்குள்ளயே தங்கிடும், அதனால டேபிள், சேர்தான் நல்லது, மடியில ஒரு கிழிஞ்ச ஜீன்ஸ வெட்டி போட்டுக்கங்க. பேண்ட்டோட கீழ் மடிப்பையும் எறக்கி விட்டுடுங்க. துப்பட்டா வேணாம், முடிய கட்டிக்கங்க, பேட்டரி வேலைன்னா மோதிரத்தயும் கழட்டிடுங்க. அயர்ன் கை தவறுச்சுன்னா புடிக்க போகாதீங்க, முழங்கால சேக்காதீங்க, விழட்டும், முனைதான போகும், வாங்கிக்கலாம்.

கால்லதான் ஆளுங்க கோட்ட விடுவாங்க. ஹவாய் செருப்புல பாதம் தொறந்தே இருக்கும். கிராக்ஸ் மாதிரி ஓட்டை போட்ட செருப்பு பாக்க மூடின மாதிரி இருக்கும், ஆனா ஓட்டை எல்லாம் சரியா மேலதான் இருக்கு! லேஸ் இல்லாத பழைய கேன்வாஸ் ஷூ போதும், உள்ள சொட்டு போயிட்டா ஒரே உதறுல கழட்டிடலாம், லேஸ் கட்டியிருந்தா அது முடியாது. சாக்ஸும் காட்டன்லயே பாத்துக்கங்க, நைலான் வேணாம். வீட்டுக்குள்ள ஷூவான்னு அம்மா கேப்பாங்க, அதனால வெளிய போடாத ஜோடி ஒண்ண இதுக்குன்னே வெச்சுக்கங்க. ரெசிஸ்டர் மாதிரி பார்ட்ஸோட கம்பிக் கால வெட்டி விட்ட துண்டு வெறுங்கால்ல ஏறினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க மறுபேச்சு பேச மாட்டாங்க. அந்த துண்டு கண்ணுக்கும் பறக்கும், சாதா கண்ணாடியாவது போட்டுக்கங்க.

வேலை முடிஞ்சதும் சட்டைய மாத்திட்டு, கைய சோப்பு போட்டு கழுவிட்டு அப்பறம் சாப்பிடுங்க, குழந்தைய தூக்குங்க, ஏன்னா சால்டரிங் ஈயம் காரீயம் கலந்தது. அந்த சட்டைய தனியா துவைங்க. சுட்டுக்கிச்சுன்னா 20 நிமிஷம் குழாய் தண்ணியில காட்டுங்க, டூத்பேஸ்ட் தடவாதீங்க, துணி ஒட்டியிருந்தா இழுக்காம டாக்டர்ட்ட போயிடுங்க.