வெளிநாட்டு உதவி வீணா? பதில் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இத்தனை வருஷமாகக் கொட்டிக் கொடுத்தும் ஏழை நாடுகள் அப்படியேதான் இருக்கின்றன" என்பார் ஒருவர், "நிறுத்தினால் அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்பார் இன்னொருவர். இருவருமே உதவியை ஒரே சரக்காக நினைக்கிறார்கள், முதல் தவறு அதுதான். பெரியம்மை ஒழிப்புக்குப் போன பணமும் உதவிதான். இயற்கையாகப் பரவிய அந்த நோயின் கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் இருந்தார், அதன்பின் யாருக்கும் அது இயற்கையாகப் பரவவில்லை. மலேசியாவின் பெர்காவு அணைக்கு பிரிட்டன் கொடுத்ததும் உதவிதான். ஆனால் அதன் பின்னால் ஆயுத விற்பனைப் பேரம் இருந்தது, கடைசியில் 1994-இல் பிரிட்டன் நீதிமன்றமே அந்த நிதி சட்டப்படி செல்லாது என்றது. இவை இரண்டுக்கும் சராசரி எடுத்தால் என்ன தெரியப்போகிறது?

அடுத்தது, அறிவித்த தொகையை அப்படியே நம்புவது. 2023-இல் பணக்கார நாடுகள் கணக்குக் காட்டிய அரசு உதவி சுமார் 22,300 கோடி டாலர். அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஏழை நாடுகளின் எல்லையைத் தொடவே இல்லை, தங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்காக உள்ளூரிலேயே செலவான பணம் அது. முதல் 12 மாதச் செலவை இப்படிச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது, அதனால் இதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. அப்புறம் நிபந்தனையோடு வரும் உதவி: அமெரிக்கா அனுப்பும் உணவில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கப்பல்காரருக்குப் போகும் கூடுதல் கூலியும் உதவிக் கணக்கில்தான் ஏறும்.

"அதிக உதவி வாங்கிய நாடுகள்தான் பின்தங்கியிருக்கின்றன" என்ற வாதத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மருத்துவமனையில் நோயாளிகள்தான் அதிகம், அதற்காக மருத்துவமனைதான் நோயைத் தந்தது என்று யாராவது சொல்வோமா? தென்கொரியாவும் ஒரு காலத்தில் உதவி வாங்கிப் பிழைத்த நாடுதான், இன்று கொடுக்கிற நாடுகளின் குழுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்து "உதவியால்தான் கொரியா வளர்ந்தது" என்று முழங்குவதும் இதே தவறின் மறுபக்கம்.

கொடுத்த பொருளை எண்ணுவது, அது பயன்பட்டதா என்று பார்க்காமல் விடுவது, இதுதான் உதவி செய்பவர்களே அதிகம் சறுக்குகிற இடம். பிளேபம்ப் கதை தெரியுமா? குழந்தைகள் ராட்டினம் சுற்ற, அந்த விசையில் நிலத்தடி நீர் மேலே ஏறும். கேட்டவுடன் யாருக்கும் பிடித்துப்போகும், அதனால்தான் 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் நிதி அறிவித்தார்கள். ஆனால் ஒரு ராட்டினத்தின் விலையில் சாதாரண கைப்பம்புகள் நாலு வாங்கலாம். குழந்தைகளும் எந்நேரமும் விளையாடிக்கொண்டே இருப்பார்களா என்ன? ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் கடைசியில் பெண்கள்தான் அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது, பழுதானால் சரிசெய்ய ஆளும் கிடைக்கவில்லை. எத்தனை பம்பு வைத்தோம் என்ற எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு தெரியாது" என்பது கேட்க நியாயமாகத் தெரியும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலையை வேறுவேறு விலையில் கொடுத்துச் சோதித்தார்கள், முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. அரை டாலரைக் கொஞ்சம் தாண்டிய விலை வைத்ததுமே வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. சரி, காசு கொடுத்து வாங்கியவர்களாவது கூடுதல் அக்கறையோடு பயன்படுத்தினார்களா என்றால், அதுவும் இல்லை.

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள அமைப்பே நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல கணக்காளரும் களத்தில் போய்ச் சரிபார்க்க ஆளும் வேண்டுமென்றால் செலவாகத்தான் செய்யும்.

கடைசியாக, "பணமாகக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள்." உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. கென்யாவில் சுமார் 10,500 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்தபோது, பணம் வாங்காத அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் வருமானமும் உயர்ந்தது, விலைவாசியோ அசையவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் ஏறியது. ஆனால் கையில் பணம் இருக்கிறது என்பதற்காக ஒரு குடும்பம் தனக்கென்று தடுப்பூசி விநியோகத்தையோ சாலையையோ உருவாக்கிக்கொள்ள முடியாது, அதற்கு வேறு வகை உதவிதான் வேண்டும்.