நெடுநாள் நின்ற காரின் டேங்கிலிருந்து பழைய பெட்ரோலை இறக்கும் முறை

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் உண்டு. வடக்கே பணியில் இருப்பவர் திரும்பி வரும்வரை அவருடைய கார் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். வந்தவுடன் பேட்டரியை மாற்றிச் சாவியைத் திருகிப் பார்ப்பதே வழக்கம். ஓராண்டுக்கு மேல் நின்ற காராக இருந்தால், சாவியைத் தொடுவதற்கு முன்னால் டேங்கில் இருப்பதை இறக்கிவிட வேண்டும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடுகிறது. எஞ்சியது காற்றுடன் வினைபுரிந்து பிசினாகி, எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து அனுப்பும் இன்ஜெக்டரையும் கார்புரேட்டரையும் அடைக்கிறது. இப்போது பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனாலோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, பம்ப் உறிஞ்சும் இடமான அடிப்பகுதியில் போய்த் தங்கும்.

வேலையை விடியற்காலையில், கூரையில்லாத திறந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் மூடியைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். விடியலின் குளிர்ச்சியை நம்பியும் அசட்டையாக இருக்கக் கூடாது. ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாக ஓடி, பின்கட்டில் எரியும் அடுப்பையோ வாசலில் ஏற்றிய விளக்கையோ எட்டிவிடும். எனவே அருகில் பீடி, அடுப்பு, ஓடும் பைக் எதுவும் இருக்கலாகாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பருத்தித் துணியும் கையுறையும் அணிந்து, ஒரு வாளி மணலையோ உலர்தூள் தீயணைப்பானையோ கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்றும் பலர் அதைக் கைத்திறனாக எண்ணுகிறார்கள். ஒரு வாய் பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைக் காட்டிலும், அதில் சில துளிகள் நுரையீரலுக்குள் நழுவுவதே பெரிய ஆபத்து. அங்கே அது கடும் அழற்சியை உண்டாக்கி மூச்சையே முடக்கக்கூடும். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, ஏனெனில் வெளியே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் நழுவ வாய்ப்பு உண்டு. உடனே 108-ஐ அழையுங்கள்.

வாய்க்குப் பதிலாக, நடுவில் ரப்பர் குமிழ் வைத்த கைப்பம்பு ஒன்று போதும். அதனுடன் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைப் போன்ற தெளிவான டியூபை இணைத்து, ஒரு முனையை டேங்கின் அடிவரை இறக்கி, மறுமுனையைத் தரையில் வைத்த கேனுக்குள் விட வேண்டும். குமிழில் உள்ள அம்புக்குறி கேனை நோக்கி இருக்கட்டும். நாலைந்து முறை அழுத்தியதும் டியூப் நிறைந்து பெட்ரோல் தானாக ஓடத் தொடங்கும். டேங்கில் உள்ள மட்டத்தைவிடக் கேன் தாழ்ந்திருக்கும்வரை அது நிற்காது, நிறுத்த வேண்டுமானால் கேன் முனையை உயர்த்தினால் போதும். கேன் உலோகமாகவே இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இடம் தருகிறது. அச்சட்டம் குறிப்பிடும் கலன்களில் பிளாஸ்டிக் இல்லை.

முதலில் வரும் கால் லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மூடி, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தாலோ, நிறம் கருத்து வார்னிஷ் வாடை அடித்தாலோ அதை எந்த வண்டியிலும் ஊற்றக் கூடாது. புதிய கார்கள் பலவற்றில் பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்குள் வலையோ தடுப்போ இருக்கும். டியூப் தடைபட்டால் திணிக்காதீர்கள், அது மெக்கானிக் பின்சீட்டுக்கு அடியில் பம்பைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை.

அடியில் எட்டாமல் நிற்கும் கொஞ்சத்தில்தான் துருவும் நீரும் அதிகம் என்பதால், டியூபின் முனையைச் சரிவாக வெட்டிக்கொண்டு, காரின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் இன்னும் சிறிது எடுக்கலாம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, ஐந்து லிட்டர் புதியது ஊற்றி, ஆவி முழுவதும் கலைந்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும்.

இறக்கியதைச் சாக்கடையிலோ பாலாற்றிலோ ஊற்றுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த நீரைக் குடிக்கும் ஊரில் இருக்கிறோம். குப்பை கொளுத்தவும் இது உதவாது. ஊற்றிய கையோடு ஆவி பற்றி முகத்தில் வெடிக்கும். கேனை இறுக மூடி, மேலே ‘பழைய பெட்ரோல்’ என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத நிழலில் வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் ஒப்படையுங்கள்.