தரவையில் சோலர் வருகிறதாம்: கூட்டத்துக்குப் போகமுன் செய்யவேண்டியவை

எங்கள் ஊரின் பொது மேய்ச்சல்வெளியான தரவைக்கு அரச கோப்பில் இருந்த பெயர் 'பயன்பாடற்ற காணி'. நான் அந்த வரியை வாசித்த நேரம் அதில் முப்பது மாடாவது மேய்ந்துகொண்டிருந்திருக்கும். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து பட்டறிந்ததை எழுதுகிறேன். உங்கள் ஊர் அரச காணிக்கும் சோலரோ காற்றாலையோ வருகிறதென்று கதை அடிபட்டால், அதுபற்றிய கூட்டத்துக்குப் போகமுன் உதவும்.

முதலில் கடதாசியை எடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாகவேண்டும். யார் கேட்கிறார்கள், எத்தனை ஏக்கர், எத்தனை வருடக் குத்தகை, மின்கம்பி எந்த வழியால் போகும், பாதை எங்கே போடுவார்கள் என்று எல்லாம் கேளுங்கள். பாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மெகாவாட்டை, எங்கள் ஆட்கள் காணி அளக்கும் 'பரப்பு'க் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு மெகாவாட் சோலருக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். ஏக்கருக்கு 16 பரப்பு. 'பத்து மெகாவாட்' என்றபோது எங்கள் ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். 'எண்ணூறு பரப்பு வரை போகும்' என்றதும் பின்வரிசையில் இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள்.

இனி வரைபடம். மெனக்கெடவேண்டிய வேலை இதுதான். நாங்கள் ஆவணியில் போய் மாட்டுப்பாதை, கேணி, பனைவடலி, வைரவர் சூலம் எல்லாம் குறித்து, நல்லாக வந்துவிட்டதென்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். ஆடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மாரித் தண்ணி எங்கை?" என்று கேட்டார். அவர் காட்டிய இடம் அப்போது வெடித்துக் காய்ந்திருந்தது. கார்த்திகையில் அங்கே முழங்காலளவு நிற்கும். அன்றைக்கே தாளை மாற்றி, கோடைக்குச் சிவப்பு, மாரிக்கு நீலம் என்று இரண்டு நிறத்தில் திரும்ப வரைந்தோம்.

அந்த நீலம்தான் எங்கள் முக்கிய வாதமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் உண்டு. மற்றபடி தேங்கும் மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு நன்னீராக நிற்கிறது. சோலர்ப் பலகையால் வரும் இடைஞ்சலைவிட நிலத்தை மட்டப்படுத்துவதாலும் பாதையை உயர்த்திப் போடுவதாலும் வரும் இடைஞ்சல் பெரிது. மன்னார்த் தீவில் 2020இல் 30 காற்றாலைகள் எழும்பியபிறகு மக்கள் சொல்லும் முறைப்பாடுகளில் ஒன்று, வெள்ளம் முந்தி வடிந்தமாதிரி வடிவதில்லை என்பது. ஆகவே மதகு எத்தனை, எங்கே என்று கேளுங்கள். பலகை கழுவும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் கேளுங்கள். குழாய்க்கிணறு என்றால் அங்கேயே நிறுத்திப் பேசவேண்டும்.

பறவைக் கணக்கெடுப்பு என்று ஒரு தாள் நீட்டினால் மாதத்தைப் பாருங்கள். பூநாரைக் கூட்டம் மாரி வாடைக்காற்றோடு வருவது. தென்மேல் காற்றான சோளகம் அடிக்கும் ஆடியில் எண்ணினால் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும்.

கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் உள்ளே வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டிய திட்டமென்றால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும், வாசிகசாலைச் சுவரில் வராது. பத்திரிகை பார்க்க ஒரு பிள்ளையைப் பொறுப்பாக விடுங்கள்.

மறித்தே தீருவோம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு 1,700 கிலோவாட் சோலரும் 530 கிலோவாட் காற்றாலையும் என்று 2024இல் ஒப்பந்தமானது. டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த ஊர்களுக்கு அது சின்னக் காரியமில்லை. வேண்டாம் என்பதற்குப் பதில், 'அந்த உவர்மூலைக்குத் தள்ளுங்கள், மாடு போக வேலியில் நாலு படலை வையுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

படலைக்கு முதற்கூட்டத்தில் ஓம் என்றார்கள். கூட்டக் குறிப்பில் 'மக்கள் ஆதரவு தெரிவித்தனர்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாம் கூட்டத்தில், எழுதியதை வாசித்துக் காட்டும்வரை நாங்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை. குத்தகை நிபந்தனையிலும் அது ஏறவேண்டும்.

வரைபடத்தைக் கையளிக்கமுன் பிரதி எடுத்துவையுங்கள். எங்களுடைய சிவப்பும் நீலமும் இப்போது எந்தக் கோப்புக்குள் கிடக்கிறதோ, கேட்கப் போகும்போதெல்லாம் அலுமாரித் திறப்பு வைத்திருப்பவர் லீவில் நிற்கிறார்.