பரப்பு இழுவிசை: வீட்லயே செஞ்சு பார்த்து புரிஞ்சுக்கறது எப்படி

பரப்பு இழுவிசைன்னா என்னன்னு கேட்டா ஸ்கூல்ல படிச்ச யாரும் ஒரு வரி சொல்லிடுவாங்க, ஆனா அதே ஆள்கிட்ட தண்ணி கண்ணாடியில ஏன் பரவுது, மெழுகு மேல ஏன் உருண்டு நிக்குதுன்னு கேட்டா தடுமாறுவாங்க. பரப்பு இழுவிசை, ஓரினக் கவர்ச்சி, வேறினக் கவர்ச்சின்னு மூணையும் தனித்தனி வரையறையா மனப்பாடம் பண்றதால வர்ற சிக்கல் இது. உண்மையில கேள்வி ஒண்ணுதான். இந்த திரவம் தன்னோட மூலக்கூறுகளை எவ்ளோ பலமா பிடிச்சு வச்சிருக்கு, எதிர்ல இருக்கற பொருளை எவ்ளோ பலமா பிடிக்குது? முதல்ல சொன்னது கொஹீஷன், அதாவது ஓரினக் கவர்ச்சி. ரெண்டாவது அட்ஹீஷன், வேறினக் கவர்ச்சி. இந்த ரெண்டுக்கும் நடக்கற போட்டியை கண்ணால பார்க்கப் பழகிட்டா மீதி எல்லாம் தானா வந்துடும்.

தேவையானது ரொம்ப கம்மி. ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு தட்டு, பேப்பர் கிளிப் இல்லன்னா மெல்லிசான தையல் ஊசி, டிஷ்யூ பேப்பர், டிராப்பர், பாத்திரம் கழுவற லிக்விட் சோப், மெழுகுவர்த்தி, டால்கம் பவுடர், ரெண்டு சின்ன கண்ணாடித் தகடு, தீக்குச்சி, ரப்பர் பேண்டு. மைக்ராஸ்கோப்ல வைக்கற ஸ்லைடு கிடைச்சா தகடுக்கு அது போதும். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க: பாத்திரத்துல சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ துளிகூட இருக்கக் கூடாது. கழுவிட்டோமேன்னு விடாம, கழுவின பிறகு வெறும் தண்ணியில திரும்பத் திரும்ப அலசுங்க, உள்பக்கம் விரல் படாம பாத்துக்கோங்க. இந்த சோதனைகள் சொதப்பறதுக்குப் பாதிக்கு மேல காரணம் இதுதான்.

செய்யறதுக்கு முன்னாடி கொஞ்சம் தியரி. தண்ணிக்கு உள்ள இருக்கற ஒரு மூலக்கூறுக்கு எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் இருக்கு, அதுங்களோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கிட்டு குறைஞ்ச ஆற்றல்ல நிம்மதியா இருக்கு. மேற்பரப்புல இருக்கறதுக்கு மேல் பக்கம் ஆளே கிடையாது, காத்து மட்டும்தான். பிணைப்பு குறைஞ்சா ஆற்றல் ஜாஸ்தி. அப்போ பரப்பைப் பெருசாக்கணும்னா இப்படி ஆள் குறைஞ்ச மூலக்கூறுகளை இன்னும் நெறைய உருவாக்கணும், அதுக்கு ஆற்றல் செலவு பண்ணணும், அதனாலதான் திரவம் தன் பரப்பை எவ்ளோ முடியுமோ அவ்ளோ சின்னதா வச்சுக்கப் பார்க்குது. ஒரே கன அளவுக்கு மிகக் குறைஞ்ச பரப்பு கோளத்துக்குத்தான், துளி உருண்டையா இருக்கறதும் அதுக்குத்தான். பரப்பைப் பெருசாக்க ஆகற இந்த ஆற்றல் செலவுதான் பரப்பு இழுவிசை. 20 டிகிரி செல்சியஸ்ல தண்ணிக்கு இதோட மதிப்பு மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். இதையே சதுர மீட்டருக்கு 72.8 மில்லிஜூல்னும் சொல்லலாம், ரெண்டும் ஒரே எண்தான். எத்தனாலுக்கு சுமார் 22 தான், அதுல பிணைப்பு பலவீனம். பாதரசத்துக்கு சுமார் 485, ஏன்னா அங்க உலோகப் பிணைப்பு. சூடு ஏத்தினா குறையும், 100 டிகிரியில தண்ணியோட மதிப்பு சுமார் 59.

மேற்பரப்பு ஒரு இழுத்துக் கட்டின ரப்பர் ஷீட் மாதிரின்னு நெறைய இடத்துல எழுதியிருப்பாங்க. ஆரம்பத்துக்கு ஓகே, ஆனா அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா பின்னாடி குழப்பும். ரப்பரை இழுக்க இழுக்க இழுவிசை ஏறும், சுத்தமான தண்ணியோட பரப்பை எவ்ளோ விரிச்சாலும் இழுவிசை அப்படியே 72.8 தான், ஏன்னா உள்ள இருந்து புது மூலக்கூறுகள் மேல வந்து நிக்குது, இருக்கறது எதுவும் நீளறது இல்ல. தனியா ஒரு தோலும் அங்க கிடையாது.

சரி, இப்போ முதல் சோதனை. டம்ளர்ல தண்ணி ஊத்தி, ஒரு சின்னத் துண்டு டிஷ்யூ பேப்பரை மேல மிதக்க விட்டு, அதுமேல ஊசியைப் படுக்க வைங்க. பேப்பர் நனைஞ்சு கீழ போயிடும், போகலன்னா ஒரு குச்சியால பேப்பரை மட்டும் ஓரத்துல மெல்ல அழுத்துங்க. ஊசி மேலயே நிக்கும். இப்போ கண்ணை தண்ணி மட்டத்துக்குக் கொண்டு வந்து பக்கவாட்டுல பாருங்க, ஊசி இருக்கற இடத்துல தண்ணி ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி பள்ளமா வளைஞ்சிருக்கறது தெரியும். மேல இருந்து டார்ச் அடிச்சு டம்ளருக்கு அடியில விழற நிழலையும் பாருங்க, நிழல் ஊசியைவிட அகலமா இருக்கும், ஓரத்துல ஒரு வெளிச்சக் கோடும் இருக்கும். அந்தப் பள்ளம் ஒரு லென்ஸ் மாதிரி வெளிச்சத்தை வெளிப்பக்கமா விரிச்சு விடுது. ஊசியைத் தாங்கறது அந்த வளைவுதான். தட்டையான பரப்பு பக்கவாட்டுல மட்டும்தான் இழுக்கும், வளைஞ்சாத்தான் இழுப்புல ஒரு பங்கு மேல் நோக்கி வரும்.

எவ்ளோ எடை தாங்கும்னு கணக்கே போட்டுப் பாக்கலாம். ஊசியோட ரெண்டு பக்கமும் இழுக்கறதால அதிகபட்ச விசை, நீளத்தை இழுவிசையால பெருக்கி அதை ரெண்டால பெருக்கினா வரும். 4 சென்டிமீட்டர் நீள ஊசிக்கு 5.8 மில்லிநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 0.6 கிராம் எடை. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு ஊசி அந்த நீளத்துக்கு சுமார் 0.25 கிராம்தான், தாராளமா நிக்கும். விட்டத்தை 2 மில்லிமீட்டர் ஆக்கினா எடை நாலு மடங்காகி 1 கிராம் கிட்ட வந்துடும், ஆனா நீளம் மாறாததால தாங்கற விசை மட்டும் அதேதான், அதனால முங்கிடும். சின்னப் பூச்சி தண்ணி மேல நடக்குது, நாம நடக்க முடியலங்கறதுக்கும் இதே கணக்குதான்: எடை கன அளவோட சேர்ந்து ஏறுது, தாங்கற விசை நீளத்தோட மட்டும் ஏறுது.

அடுத்தது சோப்பு. ஊசி மிதக்கற டம்ளர்லயே ஒரு குச்சி நுனியில லிக்விட் சோப்பைத் தொட்டு ஓரமா தண்ணியைத் தொடுங்க. ஊசி சட்டுன்னு நகர்ந்து முங்கிடும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணியை விரும்பும், இன்னொரு முனை தண்ணியை விட்டு விலகும், அதனால அது மேற்பரப்புக்கு வந்து கூட்டமா நின்னுக்கும், இழுவிசை 30 பக்கம் இறங்கிடும். இதையே ஒரு தட்டுல தண்ணி ஊத்தி டால்கம் பவுடர் தூவி செஞ்சு பாருங்க, நடுவுல சோப்பு பட்ட உடனே பவுடர் மொத்தமும் ஓரத்துக்கு ஓடும். சோப்பு பவுடரைத் தள்ளுதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. உண்மையில ஓரத்துல இருக்கற சுத்தமான தண்ணிக்கு இன்னும் இழுவிசை ஜாஸ்தி, அதுதான் பவுடரைத் தன் பக்கம் இழுக்குது. இழுவிசை வித்தியாசத்தால திரவம் ஓடறதுக்கு மாரங்கோனி விளைவுன்னு பேரு, கார்லோ மாரங்கோனி 1865-ல இதைப் பத்தி எழுதினார்.

இங்க ஒரு நியாயமான சந்தேகம் வரும். சோப்பு இழுவிசையைக் குறைக்குதுன்னா, குமிழி ஏன் சோப்புத் தண்ணியில நிக்குது, சுத்தத் தண்ணியில ஏன் உடனே உடையுது? பதில் மாரங்கோனி விளைவுலயே இருக்கு. குமிழிப் படலம் ஒரு இடத்துல மெலிஞ்சு விரிஞ்சா அங்க சோப்பு மூலக்கூறுகள் கலைஞ்சு இடைவெளி விழுது, அந்த இடத்துல மட்டும் இழுவிசை ஏறுது, சுத்தி இருக்கற படலத்தை தன் பக்கம் இழுத்து ஓட்டையை அதுவே அடைச்சுக்குது. சுத்தத் தண்ணியில எங்க பாத்தாலும் ஒரே இழுவிசை, அதனால மெலிஞ்ச இடம் மெலிஞ்சு அறுந்துடும்.

இந்த இடத்துல ஆக்னஸ் பாக்கெல்ஸ் பத்தி சொல்லாம போக மனசு வரல. ஜெர்மனியில வீட்டு வேலைகளைப் பாத்துக்கிட்டு, காலேஜ் படிப்பு இல்லாம, தொட்டி மாதிரி ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி அதுமேல ஒரு பட்டையை நகர்த்தி அழுக்குப் படலம் பரப்பு இழுவிசையை எப்படி மாத்துதுன்னு வருஷக்கணக்கா அளந்தவங்க. அவங்க இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதின கடிதத்தை அவர் பரிந்துரை பண்ணி 1891-ல நேச்சர் இதழ்ல வெளியிட வச்சார். மேற்பரப்பு அறிவியல்ல இன்னிக்கும் அவங்க அமைப்போட வழிவந்த தொட்டிகளைத்தான் பயன்படுத்தறாங்க. வீட்டுச் சாமான்ல செய்யறது சின்னப் பிள்ளைங்க விளையாட்டுன்னு யாராவது சொன்னா இவங்களை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ வேறினக் கவர்ச்சிக்கு வருவோம். ஒரு கண்ணாடித் தகட்டுல பாதிக்கு மெழுகு தேய்ச்சுட்டு ரெண்டு பாதியிலயும் ஒவ்வொரு துளி தண்ணி விடுங்க, பக்கவாட்டுல பாருங்க. சுத்தமான கண்ணாடியில துளி பரவிப் படுத்துடும். மெழுகு மேல அரைக்கோளத்தைத் தாண்டி உருண்டு நிக்கும். துளியோட விளிம்பு தகட்டைத் தொடற இடத்துல, திரவத்துக்கு உள்பக்கமா அளக்கற கோணம்தான் சேர்கோணம். ரொம்ப சுத்தமான கண்ணாடியில அது 0-க்குப் பக்கம், மெழுகுல 100 டிகிரிக்கு மேல, பாதரசம் கண்ணாடி மேல இருந்தா சுமார் 140. பாதரசத்தை மட்டும் படத்துல பாருங்க போதும், அதோட ஆவி விஷம், வீட்ல தொடவே கூடாது.

வேறினக் கவர்ச்சி ஜாஸ்தியா இருந்தா நனையும், ஓரினக் கவர்ச்சி ஜாஸ்தியா இருந்தா நனையாதுன்னு படிச்சிருப்போம். தோராயமா சரி, ஆனா எல்லைக்கோடு எங்க இருக்குன்னு யாரும் சொல்றது இல்ல. சேர்கோணம் 90 டிகிரிங்கறது ரெண்டும் சமமா இருக்கற நிலை கிடையாது, வேறினக் கவர்ச்சி ஓரினக் கவர்ச்சியில சரிபாதியா இருக்கற நிலை. ரெண்டும் சமம் ஆகும்போது கோணம் 0 ஆகி துளி முழுசா பரவிடும். இந்தக் கணக்குப்படி 110 டிகிரி காட்டற மெழுகு கூட, தண்ணி தன்னைத்தானே பிடிக்கற பலத்துல மூணுல ஒரு பங்கு அளவுக்கு தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. நம்பலன்னா மெழுகுப் பக்கத்துல ஒரு குட்டித் துளியை வச்சுட்டு தகட்டை மெல்ல கவுத்துப் பாருங்க. துளி விழாம தலைகீழா தொங்கும். தண்ணி ஒட்டவே ஒட்டாதுன்னு சொல்ற பரப்புகள்லயும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யுது.

ரெண்டு கவர்ச்சியும் சேர்ந்து வேலை செய்யறதைப் பாக்க அடுத்த சோதனை, இருக்கறதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு கண்ணாடித் தகட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, ஒரு ஓரம் ஒட்டியிருக்கற மாதிரியும் எதிர் ஓரத்துல தீக்குச்சி இடையில இருக்கற மாதிரியும் வச்சு ரப்பர் பேண்டு போடுங்க. நீளப் பக்கம் கீழ இருக்கற மாதிரி, கலர் கலந்த தண்ணியில கொஞ்சம் மட்டும் நிறுத்துங்க. இடைவெளி அகலமா இருக்கற பக்கம் தண்ணி கம்மியா ஏறும், குறுக குறுக மேல மேல ஏறி அழகான ஒரு வளைகோடு உருவாகும். 1712-லயே கணித மேதை ப்ரூக் டெய்லர் இந்தக் கோடு அதிபரவளையம், அதாவது ஹைபர்போலான்னு கவனிச்சு எழுதிட்டார். இடைவெளி பாதியானா உயரம் ரெண்டு மடங்கு, அவ்ளோதான் விதி. சுத்தமான கண்ணாடின்னா 1 மில்லிமீட்டர் இடைவெளியில சுமார் 1.5 சென்டிமீட்டர் ஏறும். குழாயா இருந்தா 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு அதே 1.5 சென்டிமீட்டர். வேறினக் கவர்ச்சி தண்ணியோட விளிம்பை மேல இழுக்குது, ஓரினக் கவர்ச்சி மீதித் தண்ணியை அது பின்னாடியே கூட்டிக்கிட்டுப் போகுது, எடை சமமாகற இடத்துல நின்னுடுது.

மெல்லிசான இடைவெளியில தண்ணி தானா ஏறற இதுக்கு நுண்புழை ஏற்றம்னு பேரு. மரத்துக்கு தண்ணி ஏறறதும் இதாலதான்னு பல பேர் சொல்வாங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க. மரத்துக்குள்ள தண்ணி போற குழாயோட ஆரம் 0.02 மில்லிமீட்டர்னு வச்சாலும் மேல சொன்ன விதிப்படி 75 சென்டிமீட்டர்தான் ஏறும், ஆனா 100 மீட்டருக்கு மேல வளர்ற மரம் இருக்கு. டிக்சன், ஜாலிங்கற ரெண்டு விஞ்ஞானிகள் 1894-ல சொன்ன விளக்கம் வேற: இலையோட செல் சுவர்ல இருக்கற நானோமீட்டர் அளவு துளைகள்ல தண்ணி ஆவியாகும்போது அங்க இருக்கற வளைஞ்ச பரப்பு கீழ இருக்கற தண்ணியை இழுக்குது, ஓரினக் கவர்ச்சி இருக்கறதால வேர் வரைக்கும் இருக்கற தண்ணித் தூண் அறுந்து போகாம மொத்தமா மேல வருது. 100 மீட்டர் தூணைத் தாங்க மட்டுமே சுமார் 10 வளிமண்டல அழுத்தம் வேணும், அந்தக் குட்டித் துளைகளால அதைவிடப் பல மடங்கு தாங்க முடியும்.

கடைசியா அளவெடுக்கறது. டிராப்பர்ல தண்ணி எடுத்து ரொம்ப நிதானமா, நேரா பிடிச்சு, ஒரே கன அளவு காலியாக எத்தனை துளி விழுதுன்னு எண்ணுங்க. அதே டிராப்பர், அதே அளவு, இப்போ சோப்புத் தண்ணி. துளியோட எடை இழுவிசைக்கு நேர் விகிதம்னு 1864-ல டேட்ங்கற விஞ்ஞானி காட்டினார், அதனால இழுவிசை குறைஞ்சா துளி சின்னதாகும், எண்ணிக்கை ஏறும். சுத்தத் தண்ணியோட துளி எண்ணிக்கையை சோப்புத் தண்ணியோட எண்ணிக்கையால வகுத்து 72.8-ஆல பெருக்குங்க, சோப்புத் தண்ணியோட இழுவிசை வந்துடும். அடர்த்தி ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், விட்டுடலாம். விடை 30 பக்கம் வந்தா நல்லா செஞ்சிருக்கீங்க. 50, 60-ன்னு வந்தா சோப்பு பத்தல, இல்லன்னா வேகமா சொட்ட விட்டிருக்கீங்க, ஏன்னா புதுசா உருவாகற துளியோட பரப்புக்கு சோப்பு மூலக்கூறுகள் வந்து சேர கொஞ்சம் டைம் வேணும், அதுக்குள்ள துளி அறுந்துட்டா அது பாதி சுத்தத் தண்ணியாத்தான் நடந்துக்கும். ஒவ்வொரு துளிக்கும் சில செகண்டு விட்டு திரும்ப எண்ணிப் பாருங்க, துளி எண்ணிக்கை ஏறி இழுவிசை விடை இறங்கும்.