பரணில் கிடக்கும் வெர்மிகுலைட்டைக் கிளறாதீர்கள்

கனடாவிலோ அமெரிக்காவிலோ 1990-க்கு முன் கட்டிய வீடு வாங்குகிறவர்கள், குடிவந்த சூட்டோடு கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் (attic) ஏறிப் பார்ப்பது வழக்கம். அங்கே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்திலோ, வெள்ளி, பொன் மினுக்கத்திலோ சின்னச் சின்னக் கூழாங்கல் போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் அப்படியே இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். சூடாக்கினால் சோளப்பொரி போல உப்பும் கனிமம் அது. குளிர் தாங்கக் கொட்டியிருப்பார்கள்.

வெர்மிகுலைட்டே விஷம் என்று அர்த்தமில்லை. மொன்டானா மாநிலத்து லிபி என்ற ஊரின் சுரங்கத்தில் அதனுடன் ஆஸ்பெஸ்டாஸும் கலந்து கிடந்தது. மெல்லிய இழைகளாகப் பிரியும் கனிமம் அது; மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரு சுரங்கத்துச் சரக்கு. ஸோனோலைட் என்ற பெயரில் கனடாவுக்கும் போனது. அதனால் பரணில் வெர்மிகுலைட் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: "ஒரு கை அள்ளிப் பார்ப்போமே." ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் கேட்டுப் பழகியது, பயம் வராது. ஷீட்டில் இழைகள் சிமென்ட்டில் இறுகியிருக்கும். இங்கே எல்லாமே உதிரி. லேசாகக் கிளறினாலே கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழும்பும். நுரையீரலுக்குள் போனால் நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இன்றைக்கு இருமல் இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் இன்னும் கூடும்.

வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது அதைவிட மோசம். அதன் வடிகட்டிக்கு இந்த இழைகள் அகப்படாது. பரணில் கிடந்ததை வீடெங்கும் ஊதிவிடும். கடையில் வாங்கும் சாதாரணத் தூசி மாஸ்க்கும் உதவாது.

சூட்கேஸ், கொலுப்பொம்மைப் பெட்டி என்று பரணை ஸ்டோர்ரூம் ஆக்குவதையும் விடுங்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் தூசி கூடவே இறங்கும். விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தால் கூரையில் துளை போடும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுவது அவருக்கும் செய்யும் அநியாயம்.

ஒரே ஒரு மாதிரியைச் சோதித்து, "இல்லை" என்று வந்ததும் கவலையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்திருக்காது.

சரி, உடனே எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டுமா? அந்தப் பதற்றமும் வேண்டாம். யாரும் தொடாமல், கீழே கொட்டாமல் கிடந்தால் அப்படியே விடுவதே மேல். விளக்கைச் சுற்றியும் பரண் கதவோரமும் இடைவெளி இருந்தால் அறைப் பக்கத்திலிருந்து அடைத்துவிடுங்கள். வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், முதலில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். "நாங்களே அள்ளிப் போட்டுடுறோம்" என்று குறைந்த விலை சொல்லும் கான்ட்ராக்டர் வேண்டாம். அமெரிக்காவில் ஸோனோலைட் என்று உறுதியானால் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஓர் அறக்கட்டளை நிதி இருக்கிறது. எல்லாவற்றையும் அள்ளிய பிறகு அது ஸோனோலைட்தான் என்று நிரூபிப்பது கஷ்டம், ஆகவே அதன் விதிமுறைகளை வேலை தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.